மண் சரிந்த மலையில் ஒரு பெரட்டு

"மாரியாயி."

கணக்கப்பிள்ளை ஐயா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கூப்பிட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

காலை ஆறு மணி இருக்கும். பனி கலையவில்லை. பெரட்டுக் களத்தில் நாங்கள் கம்பளியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு வரிசையாக நின்றோம். ஈரக் கம்பளி வாடை, யாரோ வெற்றிலை மென்ற வாடை, எல்லாவற்றுக்கும் மேலே புது மண் வாடை. முதல் மழைக்கு வருமே, அந்த நல்ல வாடை இல்லை அது. ஆழத்தில் கிடந்த மண் வெளியே வந்துவிட்ட வாடை.

மாரியாயி என் அக்கா. மூன்று நாளைக்கு முன்னால் மலை சரிந்து, அவள் இருந்த வரிசை வீடான லயம் மண்ணுக்குள் போயிருந்தது. அவளோடு மூன்று வயது மகள் செல்லமும் போனாள்.

இது கணக்கப்பிள்ளை ஐயாவுக்குத் தெரியாததல்ல. அந்த மூன்று நாளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு மண் அள்ளியவர் அவர். ஆனால் முப்பது வருஷமாக அதே வரிசையில் பேர் கூப்பிட்ட வாய். புத்தகத்தைத் திறந்ததும் அது பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டது.

கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. பென்சில் அந்தரத்தில் நின்றது. வராதவர் பேருக்கு நேரே ஒரு கோடு கிழிப்பது வழக்கம். பென்சிலைத் தாளுக்கு இறக்கினார்.

"வந்திருக்குங்க."

பின்வரிசையிலிருந்து முனியாண்டி மாமா சொன்னார். அக்காவின் புருஷன். அழுகையோ கோபமோ அந்தக் குரலில் இல்லை. 'இடுப்புல படங்குச் சாக்கு கட்டிக்கிட்டு இருக்கா, இதோ வந்திடுவா' என்று தாமதமாக வருகிற பெண்ணுக்காகச் சொல்வோமே, அப்படிச் சொன்னார்.

கணக்கப்பிள்ளை ஐயா அவரை ஒருமுறை பார்த்தார். கோடு கிழிக்காமல் அடுத்த பேருக்குப் போனார்.

மகள் கேட்ட கேள்வி

போன வாரம் பண்டாரவளைச் சந்தைக்குப் பஸ்ஸில் போய்வந்ததை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் சின்ன மகள் கேட்டாள்: "அப்பா, பூனாகலை ரோட்டு வளைவுல பஸ்ஸு மெதுவாப் போகும்னு எழுதியிருக்கீங்க. ஏன் மெதுவாப் போகுதுன்னு எழுதலியே?"

நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்த வாரம்.

டவுனில் இருக்கும் என் பிள்ளைகளே, உங்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரட்டு என்பது தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கூடும் இடம். தப்பு மேளம் அடித்ததும் எல்லாரும் போய் நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டு, யார் எந்த மலையில் கொழுந்து எடுப்பது, யார் கான் வெட்டுவது என்று பிரித்து அனுப்புவார். பேர் கூப்பிட்டால் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்கு நீங்கள் அந்தத் தோட்டத்தில் இல்லை.

இலங்கையிலோ இந்தியாவிலோ எந்தக் குடிமக்கள் பட்டியலிலும் எங்கள் பேர் இல்லை என்று காகிதங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் பேரைத் தினமும் ஒருவர் உரக்கச் சொன்ன இடம் பெரட்டுக் களம் ஒன்றுதான்.

பீலி நின்ற காலை

மலை திடீரென்று விழாது, பிள்ளைகளே. விழுவதற்கு முன்னால் சொல்லும். கேட்க ஆள் வேண்டும்.

நான் கான் வெட்டுகிற வேலைக்காரன். மழைத் தண்ணீர் மண்ணை அறுத்துக்கொண்டு போகாமல் இருக்க மலைக்குக் குறுக்கே வெட்டுகிற வாய்க்காலுக்குக் கான் என்று பேர். சாய்வு கூடினால் தண்ணீர் மண்ணைத் தின்னும், குறைந்தால் தேங்கி நிற்கும். தண்ணீரின் சத்தத்தை வைத்தே கான் சரியா தப்பா என்று சொல்லிவிடுவேன். ஆக, அந்தக் காலையில் தெரிந்துகொண்டிருக்க வேண்டியவன் நான்தான்.

ஒரு வாரமாக அடை மழை. அன்றைக்கு அக்கா வெறும் வாளியோடு எங்கள் வாசலுக்கு வந்தாள். காய்ச்சல் என்று வேலைக்குப் பேர் கொடுக்கவில்லை. முகம் வெளுத்திருந்தது, ஆனால் வாய் மட்டும் ஓயவில்லை.

"டேய் தம்பி, பீலியில தண்ணி நின்னுபோச்சுடா. வானம் இந்த ஊத்து ஊத்துது, பீலி மட்டும் காயுது. இது என்னடா அதிசயம்?"

பீலி என்றால் மலை ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற குழாய். லயத்துக்கே குடிக்கவும் குளிக்கவும் அது ஒன்றுதான்.

"எலை அடைச்சிருக்கும்க்கா. வேலை முடிஞ்சு வந்து பார்க்கிறேன்."

"நீ வந்து பாத்து, தண்ணி வந்து, நான் சோறாக்கி... நல்லாருக்கு. ஒம் பொண்டாட்டி பானையில இருக்கா?" என்று உள்ளே போய், எங்கள் பானையைப் பாதி காலி பண்ணிக்கொண்டு போனாள்.

அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

மழை பெய்யும்போது ஊற்று நின்றால், தண்ணீர் மலைக்குள்ளே வேறு வழி பார்த்துக்கொண்டது என்று அர்த்தம். இன்றைக்கு எங்கள் தோட்டத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மழையில் பீலி நின்றாலோ கலங்கி வந்தாலோ, அடுப்பில் சோறு இருந்தாலும் விட்டுவிட்டு எல்லாரும் கோயில் மேட்டுக்குப் போய்விடுவோம். இரண்டு தடவை அப்படிப் போய், ஒன்றும் நடக்காமல் திரும்பி வந்து, கரிந்த சோற்றைத் தின்றிருக்கிறோம். அதற்காக யாரும் சிரிக்கவில்லை.

மத்தியானம் கொஞ்சம் தாண்டியிருக்கும். நான் எதிர்ப்பக்கத்து மலையில் மண்வெட்டியோடு நின்றேன். நூறு கூடைக் கல்லை ஒரே நேரத்தில் கொட்டினது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். தேயிலைச் செடிகள் நிரை கலையாமல், நின்ற வாக்கிலேயே கீழே நடந்து போய்க்கொண்டிருந்தன. அழகாகக்கூட இருந்தது. அப்படித் தோன்றியதற்காக நான் பல நாள் வெட்கப்பட்டிருக்கிறேன்.

எங்கள் ஆட்கள் ஒன்பது பேர் போனார்கள். கூடவே பாண்காரர். பக்கத்துச் சிங்களக் கிராமத்து மனிதர். தினம் மத்தியானம் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாண், அதாவது ரொட்டி, விற்க வருவார். மழைக்கு லயத்துத் தாழ்வாரத்தில் ஒதுங்கியிருக்கிறார். அவருடைய பெட்டி மட்டும் கீழ் ஆற்றில் கிடைத்தது, மூடி திறக்காமல்.

மூன்று நாள் தோண்டி ஐந்து பேரை எடுத்தோம். அக்காவையும் செல்லத்தையும் இன்னும் இரண்டு பேரையும் பாண்காரரையும் மலை தரவில்லை.

நான் அடித்த கம்பு

சில மாதம் கழித்துத் தோட்டத்து மேலாளராகப் புதுத் துரை வந்தார். சரிந்த இடத்தைப் பார்த்தார். பச்சை மலையில் ஒரு சிவப்புத் தழும்பு. தேயிலை வைக்கச் சொல்லி உத்தரவு போட்டார்.

அவர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. வெறும் மண்ணை மழைக்கு விட்டால் மறுபடி சரியும். ஆனால் அவருக்கு அது மண். எங்களுக்கு அதற்குள்ளே ஆள் இருந்தது. தேயிலை வைத்தால் குழி வெட்டுவார்கள், உரம் போட இரும்பு முள்ளால் கிளறுவார்கள், எட்டு நாளைக்கு ஒருமுறை கூடையோடு மேலே ஏறி மிதிப்பார்கள். பத்து வருஷத்தில் அது இன்னொரு தேயிலை மலை. அங்கே என்ன நடந்தது என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றாது.

செடி வைப்பதற்கு முன்னால் கயிறு பிடித்து, ஒவ்வொரு குழிக்கும் ஒரு கம்பு அடித்து அடையாளம் வைக்க வேண்டும். அது கான்காரர் வேலை. கணக்கப்பிள்ளை ஐயா என்னை அனுப்பினார்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். உங்கள் அம்மாவுக்கு அப்போது நிறைமாசம், மூத்தவன் வயிற்றில். மாட்டேன் என்றவன் கையில் பத்துச்சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்புவார்கள். அன்றைக்கே லயத்துக் காம்பரா அறையைக் காலி பண்ண வேண்டும். நான் போனேன்.

காய்ந்த மூங்கில் கம்புதான் அடிக்க வேண்டும். மூங்கில் கீழே ஆற்றோரத்தில் இருந்தது. யாரும் பார்ப்பதற்குள் முடித்துவிட்டு ஓடிவிட வேண்டும் என்கிற அவசரம் எனக்கு. ஓரத்தில் நிழலுக்கு நின்ற முள்முருக்கு மரங்களில் பச்சைக் கிளைகளை வெட்டி, துண்டு போட்டு, அதையே அடித்தேன்.

கடைசி வரிசையில் இருக்கும்போது முனியாண்டி மாமா வந்து மேலே நின்றார்.

"முடிச்சிட்டீங்களா?"

அக்காவைக் கட்டின நாளிலிருந்து என்னை 'மாப்ள, வாடா, போடா' என்று கூப்பிட்ட மனிதர். அந்த 'ங்க' கல்லைப் போல வந்து விழுந்தது.

"மாமா, நான் என்ன செய்யட்டும்? அவங்க சொல்றாங்க..."

"உங்களை ஒண்ணும் சொல்லலைங்களே. கயிறு புடிச்சு நேராத்தான் அடிச்சிருக்கீங்க. உங்க அக்கா தலைக்கு மேல ஒண்ணு. புள்ள தலைக்கு மேல ஒண்ணு."

போய்விட்டார். அதற்குப் பிறகு பல வருஷம் அவர் என்னோடு சண்டை போடவே இல்லை. மரியாதையாகவே பேசினார். ஒரே தோட்டத்தில், தினமும் பார்த்துக்கொண்டு, சொந்த மாமன் 'வாங்க' என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெரட்டுக்கு ஏது சாமி

குழி வெட்டு தொடங்க நாள் குறித்தார்கள். மலை சரிந்து ஒரு வருஷம் நிறைகிற நாளுக்கு மறுநாள் அது. துரை வேண்டுமென்று செய்யவில்லை. அவருக்கு அந்த நாள் தெரியவே தெரியாது.

வருஷம் நிறைகிற நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் வேலை விட்டதும் பீலியடியில் ஆட்கள் கூடினோம். அந்த இடத்தில் ஏதாவது நட்டுவிட்டால் குழி வெட்டத் துரை யோசிப்பார் என்று பேச்சு. எதை நடுவது?

ராமசாமி சூலம் நட வேண்டும் என்றான். அவனுடைய அண்ணன் மண்ணுக்குள் போனவன். தாயைப் பறிகொடுத்த அந்தோணி, சிலுவைதான் என்றான். குரல் ஏறியது.

"ஒங்க அம்மாவுக்குச் சிலுவை, எங்க அண்ணனுக்குச் சூலம். சரி, பாண்காரருக்கு என்னா? ஒரு றாத்தல் பாண நட்டு வைப்போமா?" என்றான் ராமசாமி.

யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

முனியாண்டி மாமா எழுந்தார். "ஒண்ணும் நட வேணாம். காலையில பெரட்டுக்கு அங்க போய் நிப்போம்."

"சாமி இல்லாமலா மாமா?" என்றான் ராமசாமி.

"பெரட்டுக்கு ஏதுடா சாமி? பேரு கூப்பிட்டா போதும்."

உங்கள் அம்மா கைக்குழந்தையோடு ஆற்றுக்குத் துணி துவைக்கப் போனபோது, பாண்காரர் மனைவி பொடிமெனிகேயிடம் குழி வெட்டப்போகிற நாளை முன்பே சொல்லி வைத்திருந்தாள். அது எங்களுக்குத் தெரியாது.

பாண்காரரின் பேர்

மறுநாள் தப்பு அடித்தது. பெரட்டுக் களத்துக்கு ஒருவரும் போகவில்லை. நான் அடித்த கம்புகளுக்கு நடுவே எல்லாரும் நின்றோம். நான் கடைசி ஓரத்தில், யாரையும் பார்க்காமல்.

குடையும் புத்தகமுமாகக் கணக்கப்பிள்ளை ஐயா மூச்சு வாங்க இறங்கி வந்தார்.

"ஏய், பெரட்டுக் களம் அங்க இருக்கு. இங்க என்ன கூத்து?"

"ஆளு இருக்கிற எடத்துலதானங்க ஐயா பெரட்டு," என்றார் மாமா. "கொஞ்சப் பேரு இங்கதான இருக்காங்க."

கணக்கப்பிள்ளை ஐயா கறாரான மனிதர். ஒரு நிமிஷம் தாமதமாக வந்தாலும் திருப்பி அனுப்புகிறவர். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தார். புத்தகத்தைத் திறந்தார். உயிரோடு இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு முடித்தார். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டார்.

"மாரியாயி," என்றார்.

"வந்திருக்குங்க," என்றார் மாமா.

"செல்லம்."

பிள்ளைகளின் பேர் அந்தப் புத்தகத்தில் கிடையாது. வேலைக்கு வருகிறவர்கள் பேர்தான் இருக்கும். அவர் மனத்திலிருந்து கூப்பிட்டார். ஒன்பது பேரையும் அப்படியே கூப்பிட்டார். ஒவ்வொரு பேருக்கும் எங்கிருந்தாவது ஒரு குரல் வந்தது.

மேலே மோட்டார் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது. துரை இறங்கி வந்தார்.

"என்ன இது? ஏன் இங்க பெரட்டு?"

"இன்னும் முடியலைங்க துரை. முடிஞ்சதும் வந்து சொல்றேன்."

முப்பது வருஷத்தில் எந்தத் துரையிடமும் கணக்கப்பிள்ளை ஐயா அப்படிப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

அப்போது ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். வெள்ளைச் சேலை, கையில் ஒரு தட்டு வெள்ளைப் பூ. பொடிமெனிகே.

"எங்க ஆளு பேர் கூப்பிட இல்லதானே?" என்று கேட்டாள்.

கணக்கப்பிள்ளை ஐயா எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பெரியவர்களுக்கு அவர் பாண்காரர். பிள்ளைகளுக்குப் பாண் மாமா. எத்தனை வருஷம் அவர் கையால் வாங்கித் தின்றோம்! பேர் ஒருவருக்கும் தெரியவில்லை. பங்களாவுக்கும் அந்தப் பெட்டியிலிருந்துதான் பாண் போனது.

"டிக்கிரி பண்டா," என்றாள் அவள்.

கணக்கப்பிள்ளை ஐயா புத்தகத்தை மறுபடி திறந்து, பென்சிலை நாக்கில் தொட்டு, கடைசித் தாளில் எழுதினார். நிமிர்ந்து நின்று கூப்பிட்டார்.

"டிக்கிரி பண்டா."

யார் சொல்வது? அவருக்கு எங்களில் சொந்தம் யாருமில்லை.

"வந்திருக்குங்க," என்றார் முனியாண்டி மாமா.

பொடிமெனிகேக்கு எங்கள் பேச்சு அரைகுறையாகத்தான் தெரியும். இந்த ஒரு வார்த்தை அவளுக்கு விளங்கிவிட்டது. பூத்தட்டை அப்படியே தரையில் வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் பேர் இருக்கா?" என்றார் துரை.

"இல்லைங்க. முடிஞ்சுது."

"சரி. வேலைக்குப் போ."

நான் அடித்த கம்புகளை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே மேலே ஏறினார். மறுநாள் குழி வெட்டு ஆட்களை வேறு மலைக்கு அனுப்பச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. மனம் இளகியதா, இந்த மலையில் குழி வெட்ட ஒரு கையும் வராது என்று கணக்குப் போட்டாரா, எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவானாலும் எங்களுக்குச் சரிதான்.

துளிர்

கம்புகளை யாரும் பிடுங்கவில்லை. மழைக்காலம் வந்து போனது. ஒரு நாள் மாமா எங்கள் வாசலில் நின்று உங்கள் அம்மாவிடம் சொன்னார்: "உங்க வீட்டுக்காரர் அடிச்ச கம்பு துளிர்விட்டிருக்குன்னு சொல்லுங்க."

ஓடிப்போய்ப் பார்த்தேன். முள்முருக்குக் கிளையைப் பச்சையாக நட்டால் பிடித்துக்கொள்ளும். கான் வெட்டுகிறவன் எவனுக்கும் தெரிந்த விஷயம். அன்றைய அவசரத்தில் மறந்துபோயிருந்தேன். தேயிலைக்கு நான் கயிறு பிடித்த வரிசையில், கம்புக்குக் கம்பு இலை.

அந்த வேர்கள்தான் இன்றைக்கும் அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. நெருக்கமாக இருந்ததால் பலதைப் பிடுங்கிவிட்டோம். ஆளுக்கு ஒரு மரமா என்று பார்க்க வருகிறவர்கள் எண்ணுகிறார்கள். எண்ணாதீர்கள். நன்றாக வேர் விட்டதை விட்டுவைத்தோம், அவ்வளவுதான். இலை உதிர்ந்து பூக்கிற மாசத்தில் மலையே சிவந்திருக்கும்.

வருஷத்துக்கு ஒரு காலை, அங்கே பெரட்டு. வேறு தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "எங்க பக்கத்துலயும் ஒரு லயம் போச்சுங்க. அங்க தேயில வச்சிட்டாங்க. எங்க ஆளுங்க பேரையும் இங்க கூப்பிடுவீங்களா?" கூப்பிட்டோம். பேர் கூடிக்கொண்டே போனது. கல்லும் பலகையும் அங்கே இல்லை. பூனாகலை ரோட்டு வளைவில் பஸ்ஸை மெதுவாக்கச் சொல்லி, கொண்டக்டர் மட்டும் "பெரட்டு வளைவு எறங்குங்க" என்று கத்துகிறார். அவருக்கு அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை.

மேல படி

நாட்டில் தமிழருக்கு எதிராகக் கலகம் நடந்த ஒரு வருஷம். கணக்கப்பிள்ளை ஐயா வேலையை விட்டுத் திருச்சிப் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தார். போகும்போது பேர் எழுதிய தாளை என் கையில் கொடுத்தார். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன் எங்கள் லயத்தில் நான் ஒருவன்தான்.

ரோட்டில் போக எல்லாருக்கும் பயம். அந்தக் காலையில் பத்துப் பதினைந்து பேர்தான் நின்றோம். கிராமத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள், வர வேண்டாம் என்றும் நினைத்தோம். பனிக்குள் ஆற்றுப் பாதையில் மூன்று உருவம் தெரிந்ததும் அந்தோணி கல்லைக் கையில் எடுத்தான்.

பொடிமெனிகே. இரண்டு பக்கமும் அவளுடைய தம்பிமார். கையில் அதே தட்டு.

"பயமில்லையா, மெனிகே?" என்றாள் உங்கள் அம்மா.

"பயம்தான். பேர் கூப்பிடும்போது ஆளு வேணும்தானே?"

அந்தோணி கல்லைக் கீழே போட்டான். நான் தாளைப் பிரித்தேன்.

"மாரியாயி," என்றேன்.

அடுத்த பேர் செல்லம். கண்ணுக்கு முன்னால் எழுத்துத் தெரிகிறது, வாயில் வரவில்லை. என் காலடியில் நான் அடித்த மரம். வெறும் வாளியோடு வாசலில் நின்ற அக்காவின் வெளுத்த முகம். எல்லாரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"வந்திருக்கு," என்றார் மாமா பின்னாலிருந்து. என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேல படி, மாப்ள."

படித்தேன்.